நல்ல நாள் வரட்டும்

உங்கள் வீட்டு பீரோவிலும் நிச்சயம் இருக்கும். கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளர் செட், அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல். ஒரே ஒரு தடவை கட்டிய பட்டுப்புடவை, அந்துருண்டை வாசனையோடு. துபாயிலிருந்து மச்சான் வாங்கி வந்த சென்ட் பாட்டில், பாதி காற்றிலேயே போய்விட்ட நிலையில். எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "நல்ல நாள் வரட்டும்னு."

சேலத்தில் இருக்கும் என் நண்பர் வீட்டு பீரோவில் மூன்று வருஷமாக இருந்தது ஓர் ஒயின் பாட்டில்.

நண்பர் வங்கியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். வயது 72. கணக்கில் ஒரு பைசா உதைத்தாலும் ராத்தூக்கம் வராத ரகம். லண்டனில் இருக்கும் மகன் ஒரு தடவை வந்தபோது, அப்பாவின் கையில் ஒரு மரப்பெட்டியைக் கொடுத்திருக்கிறான். உள்ளே போர்ட் ஒயின். அதிலும் 'டானி' என்று சொல்லப்படும் வகை. லேபிளில் '40 வருஷம்' என்று போட்டிருந்தது.

நண்பர் எப்போதாவது கல்யாண வீடுகளில் ஒரு பெக் போடுகிறவர். அதற்கு மேல் இல்லை. "என்ன விலைடா?" என்று கேட்டார். மகன் மழுப்பினான். இவர் விடாமல் விசாரித்துத் தெரிந்துகொண்டார். நம் காசுக்குச் சுமார் 15,000 ரூபாய். அன்றிலிருந்து அவருக்கு அது ஒயின் பாட்டில் இல்லை, ஃபிக்ஸட் டெபாசிட். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

போன மாதம் போன் செய்தார். "கொல்லிமலைக்குப் போறேன். கூட வர்றீங்களா? பாட்டிலைத் திறக்கப் போறேன்."

பாட்டிலைத் திறக்க எதற்குக் கொல்லிமலை என்று கேட்டேன். "வாங்க, சொல்றேன்" என்றார்.

*

காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவில் கதையை ஆரம்பித்தவர், அறுபதாவதில் முடித்தார். நடுவில் எனக்குத் தலைசுற்றல் வந்ததால் சில இடங்கள் விட்டுப்போயிருக்கலாம்.

கொல்லிமலையை 14 நாடுகளாகப் பிரித்துச் சொல்வது அங்கே வழக்கம். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு என்று போகும் அந்த வரிசையில் குண்டனி நாடும் ஒன்று. 1986-ல் நண்பர் மலையில் வேலை பார்த்தபோது, கடன் விண்ணப்பங்களைப் பார்க்க ஊர் ஊராக நடப்பாராம். ஒருமுறை மனைவியையும் மூன்று வயது மகனையும் அழைத்துக்கொண்டு குண்டனி நாட்டுப் பக்கம் போயிருக்கிறார். மழை பிடித்துக்கொண்டது. பையனுக்கு மூச்சு இழுக்கிற அளவுக்கு இருமல். ஒரு விவசாயி வீட்டில் ஒதுங்கினார்கள். அந்த மனிதர் பரணிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். மலைத்தேன். அவருடைய அப்பா எடுத்துவைத்தது. கன்னங்கரேல் என்று, கீழே சர்க்கரையாக உறைந்து, கால் பாட்டில்தான் மிச்சம் இருந்தது. அதில் ஒரு கரண்டி எடுத்து மிளகுப்பொடி குழைத்துப் பையன் நாக்கில் தடவினார். இருமல் தேனால்தான் நின்றதா, தானாக நின்றதா, நண்பருக்குத் தெரியாது. பையன் தூங்கிவிட்டான்.

"காசு கொடுத்தேன். வாங்க மாட்டேன்னுட்டார். அந்தப் பையன்தான் இப்ப இந்த பாட்டிலை வாங்கிட்டு வந்திருக்கான்" என்றார் நண்பர். "மூணு வருஷமா யோசிச்சேன். இதை யாரோட குடிக்கறதுன்னு. நேத்து ராத்திரிதான் தோணிச்சு."

*

அந்த பாட்டிலுக்குள் என்னதான் இருக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் 15,000 ரூபாய் நியாயமா என்ற கேள்விக்கு, அது தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

போர்ச்சுகல் நாட்டில் டோரோ என்று ஒரு நதி. அதன் கரையோர மலைச்சரிவுகளில் படிப்படியாக வெட்டிய கல்வரப்புகளில் திராட்சை வளர்க்கிறார்கள். எந்த எல்லைக்குள் விளைந்த திராட்சை போர்ட் ஒயினுக்கு ஆகும் என்று 1756-லேயே அரசாங்கம் கோடு கிழித்துவிட்டது. திராட்சைச் சாறு பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே அதில் வீரியமான திராட்சை பிராந்தியை ஊற்றுகிறார்கள். புளிப்பது அப்படியே நின்றுவிடும். மிச்சமிருக்கும் சர்க்கரை உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் போர்ட் இனிக்கிறது. சாதாரண ஒயினைவிட போதையும் அதிகம், 20 சதவிகிதத்தை ஒட்டி.

அதன் பிறகு அதை மரப்பீப்பாயில் ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை. 10, 20, 30, 40 வருஷம். மரத்தின் வழியே காற்று துளித்துளியாக உள்ளே போகும். ரத்தச் சிவப்பாக இருந்தது மெல்ல மெல்லச் செங்கல் நிறமாகி, கடைசியில் தேன் நிறத்துக்கு வரும். பழ வாசனை போய், முந்திரி, பாதாம், உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத்தோல் வாசனையெல்லாம் வரும்.

இன்னொன்றும் நடக்கும். பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு ஏறக்குறைய இரண்டு சதவிகிதம் ஆவியாகிவிடும். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். வங்கிக்காரர் உடனே கூட்டுவட்டியைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தார். 100 லிட்டர் வைத்தால் 40 வருஷத்தில் மிஞ்சுவது சுமார் 45 லிட்டர். பாதிக்கு மேல் வானத்துக்குப் போய்விடுகிறது.

ஆக, விலை எதற்கு? திராட்சைக்கு இல்லை. பாட்டிலுக்கு இல்லை. யாரோ காத்திருந்ததற்கு. பீப்பாயை நிரப்பி வைத்தவர் 50 வயதில் அதைச் செய்திருந்தால், அதைத் தான் குடிக்கப் போவதில்லை என்று தெரிந்தேதான் செய்திருப்பார். நம் ஊரில் தாத்தா பனங்கொட்டை புதைப்பது மாதிரி.

இதில் நண்பருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. மூன்று வருஷம் பீரோவில் வைத்திருந்ததால் 40 வருஷ ஒயின் 43 ஆகியிருக்கும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். டானி போர்ட் அப்படி இல்லை. மரத்தில் இருக்கும்வரைதான் அதற்கு வயது ஏறும். கண்ணாடிக்குள் போனதும் வளர்ச்சி நின்றுவிடும். மேலே மேலே நன்றாக ஆகாது. திறந்துவிட்டாலோ சில வாரங்களுக்குள் முடித்துவிட வேண்டும். அந்த 40-கூட ஒரே வருஷத்துச் சரக்கு என்று அர்த்தமில்லை. வெவ்வேறு வயதுப் பீப்பாய்களைக் கலந்து, 40 வருஷத்துக்குரிய குணம் வந்திருக்கிறதா என்று ருசி பார்க்கும் குழு ஒன்று ஒப்புதல் தருகிறது.

"அப்ப மூணு வருஷம் வேஸ்ட்டா?" என்றார் பரிதாபமாக.

வேஸ்ட்தான். நம் பீரோக்களில் இருக்கும் முக்கால்வாசிப் பொருள்களின் கதையும் அதுதான். பட்டுப்புடவை மடிப்பில் கிழிகிறது. கட்டவேண்டியவருக்கு வயதாகிறது. வெள்ளித் தட்டில் சாப்பிடவேண்டிய அப்பா, படத்துக்குள் போய்ச் சட்டம் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். பிறகு அந்தத் தட்டில் படையல் வைக்கிறோம்.

*

சரி, வாங்கலாமா கூடாதா?

"15,000 ரூபாயில் எத்தனை ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கலாம் தெரியுமா?" என்று கேட்க ஒருத்தர் எப்போதும் தயாராக இருப்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதே ஆள் தன் பெண் கல்யாணத்துக்கு 50,000 ரூபாயில் காஞ்சிபுரம் எடுத்தபோது நோட்டுப் புத்தகம் நினைவுக்கு வரவில்லை. புடவை மிஞ்சும், நாக்கில் போட்டது போய்விடும் என்பது நம் கணக்கு. நாதஸ்வரக் கச்சேரியும்தான் கேட்டு முடித்ததும் போய்விடுகிறது. அதை ஊதாரித்தனம் என்று யாரும் சொல்வதில்லை.

எனக்குச் சந்தேகம் செலவின் மேல் இல்லை, வாங்குகிறவரின் மேல்தான். வாங்குவது ருசியையா, விலையையா? லேபிளைக் கிழித்துவிட்டு ஸ்டீல் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாலும் அந்த ஆள் கண்ணை மூடி ரசிப்பாரா? ரசிப்பார் என்றால் சபாஷ், அவர் வாங்கட்டும். "இது எவ்வளவு தெரியுமா?" என்று சொன்ன பிறகுதான் ருசிக்கிறது என்றால், அவர் குடிப்பது ஒயினை இல்லை, எதிரில் இருப்பவரின் பொறாமையை. அதற்கு இவ்வளவு காசு அதிகம்.

நமக்கு இது புதிய விஷயமும் இல்லை. மலைவாசிகள் தேனை மூங்கில் குழாயில் ஊற்றி நாள்பட முதிரவைத்துத் தேறலாகக் குடித்ததைத் திருமுருகாற்றுப்படையே சொல்கிறது. கப்பலில் வந்த யவனர் மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொன் கிண்ணத்தில் குடித்ததைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, அந்த மது வந்த மத்தியதரைக் கடல் ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆக, ஃபாரின் சரக்கு மோகம் நமக்கு 2,000 வருஷப் பழசு!

ஆனால் அந்தப் பாட்டுகளிலேயே எனக்குப் பிடித்தது வேறொன்று. அதியமான் இறந்தபோது ஔவையார் புலம்பியது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் கூட உட்கார்ந்து குடிப்பான் என்கிறார். நெல்லிக்கனியைக் கொடுத்த அதே அதியமான்தான். அரிய பொருளை என்ன செய்வது என்பதற்கு இதைவிடச் சின்னச் சட்டம் எனக்குத் தெரியவில்லை. நிறைய இருந்தால் சேர்ந்து அனுபவி. கொஞ்சமாக இருந்தால் கொடுத்துவிடு. நாம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். கொஞ்சமாக இருந்தால்தான் ஒளித்துவைக்கிறோம்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். "அதான் போறோமே" என்றார் பெருமையாக.

*

வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. சுற்றிலும் மிளகுக்கொடி ஏறிய மரங்கள், பலா, கொஞ்சம் காப்பிச் செடி. பெரியவருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். நண்பரை அடையாளம் தெரியவில்லை. இருமிய குழந்தையைச் சொன்னதும் தெரிந்துவிட்டது.

"தம்பி நல்லா இருக்குதுங்களா?"

"லண்டன்ல இருக்கான் பெரியவரே. அவன்தான் இதைக் கொடுத்தான். உங்களுக்கும் சேர்த்துத்தான்னு வெச்சுக்குங்க" என்று நண்பர் மரப்பெட்டியைத் திறந்தார்.

பெரியவர் பாட்டிலைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "சாராயமுங்களா?" என்றார்.

நண்பர் விளக்கினார். போர்ச்சுகல், திராட்சை, 40 வருஷம். பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்கு ரெண்டு பசங்க சார். பெரியவன் குடிச்சே போயிட்டான். அவன் போன அன்னிக்கு நான் விட்டேன். பதினெட்டு வருசமாச்சு."

எங்களுக்குப் பேச்சே வரவில்லை. மலை மேல் வரும்போது ரசனை, காத்திருப்பு, அதியமான் என்றெல்லாம் பேசிக்கொண்டு வந்த எங்கள் வாயை யாரோ கையால் பொத்தின மாதிரி இருந்தது. ராஜாஜி சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது, 1937 அக்டோபர் 1-ம் தேதி, இந்தச் சேலம் மாவட்டத்தில்தான். கொல்லிமலையும் அப்போது சேலம் மாவட்டம். பிறகு கடை திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. 2003-லிருந்து சில்லறை விற்பனையும் அரசாங்கமே நடத்துகிறது. அந்தக் குவார்ட்டர் பாட்டிலுக்கும் இந்த மரப்பெட்டி பாட்டிலுக்கும் உள்ளே இருக்கும் ஆல்கஹால் ஒன்றுதான். காசு உள்ளவன் குடித்தால் அதற்கு ரசனை என்று பெயர். இல்லாதவன் குடித்தால் சீரழிவு. எங்களுக்குக் காத்திருக்கப் பீரோ இருக்கிறது. அவர் மகனுக்குச் சாயங்காலம்வரைகூடக் காத்திருக்க முடியவில்லை. இதற்கு நான் என்ன நியாயம் சொன்னாலும், அந்தத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது.

நண்பர் பெட்டியை மூடப்போனார்.

"ஏன் சார் மூடறீங்க? நீங்க குடிங்க. தம்பி ஆசையா வாங்கியாந்தது" என்றார் பெரியவர். எங்கள் சங்கடம் அவருக்குப் புரிந்துவிட்டது. பேச்சை மாற்றுவதற்காக உள்ளே போய் ஒரு சின்ன மண்கலயத்தை எடுத்து வந்தார். சாமை விதை. மலையில் மரவள்ளி வந்த பிறகு சாமை போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து, பழைய ரகங்களைக் காப்பாற்ற ஊர் ஊராக விதை வங்கி வைக்கச் செய்திருக்கிறார்கள். வாங்கிப் போகிறவர் அறுவடை ஆனதும் வாங்கியதற்கு மேல் திருப்பித் தர வேண்டும். அதற்கு முன்பிருந்தே தன் வீட்டில் இந்த ரகம் இருக்கிறது என்றார் பெரியவர்.

"எத்தனை வருஷப் பழசு?" என்று கேட்டார் நண்பர், வந்த காரியத்தின் நினைவில்.

பெரியவர் சிரித்தார். "ரகம் பாட்டன் காலத்துது. விதை போன வருசத்துது. வெதையப் பூட்டி வெச்சா செத்துப்போயிரும் சார். வருசா வருசம் மண்ணுல போட்டாத்தான் அது இருக்கும்."

நண்பர் என்னைப் பார்த்தார். நான் கலயத்தைப் பார்த்தேன்.

*

கடைசியில் பாட்டிலைத் திறந்தோம். பெரியவர்தான் திறக்கச் சொன்னார். அவருடைய எவர்சில்வர் டம்ளர் இரண்டில் இரண்டு விரற்கடை ஊற்றினோம். லேபிள் பெட்டிக்குள் போய்விட்டது. டம்ளருக்கு விலை தெரியாது. வண்டி ஓட்ட டிரைவர் இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். முதலில் இனிப்பு. பிறகு வறுத்த முந்திரி மாதிரி ஒன்று. விழுங்கிய பிறகும் நாக்கின் ஓரத்தில் லேசான புளிப்போடு அது ரொம்ப நேரம் நின்றது. நானும் நண்பரும் ஐந்து நிமிஷம் பேசவில்லை. 40 வருஷத்தை ஐந்து நிமிஷத்தில் விழுங்கிவிட்டோமே என்று ஒரு குற்ற உணர்ச்சி. அதேசமயம், யாரோ முகம் தெரியாத ஒருவர் கொடுத்ததை மரியாதையாக வாங்கிக்கொண்டோம் என்று ஒரு நிம்மதி.

பெரியவர் கையை நீட்டினார். "கொஞ்சம் குடுங்க."

நண்பர் பதறிவிட்டார். "வேண்டாம் பெரியவரே, பதினெட்டு வருஷம்..."

"குடிக்கலைங்க. மோந்துதானே பாக்கறேன்."

காலி டம்ளரை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மகன் நினைவு வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். வந்திருக்கலாம். கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"பழைய தேன் வாசம் வருது சார். எங்கப்பா வெச்சிருந்தாரே, அந்த மாதிரி" என்றார்.

பீப்பாயிலிருந்து பாதிக்கு மேல் தேவதைகளுக்குப் போய்விடுகிறது என்று கணக்குப் போட்டோமே, அதை நஷ்டக் கணக்கு என்றுதான் வங்கிக்காரர் மலை ஏறும்போது சொல்லியிருந்தார். இறங்கும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. முப்பதாவது வளைவில் போனை எடுத்து, லண்டனில் நேரம் என்ன ஆகிறது என்றுகூடப் பார்க்காமல், மகனைக் கூப்பிட்டார்.

"உன் ஒயினைத் திறந்துட்டேன்டா" என்றார். "இல்ல, இன்னிக்கு ஒண்ணும் விசேஷம் இல்ல. சும்மாதான்."

மிச்ச ஒயின் அடுத்த வாரமே நான்கு நண்பர்களோடு தீர்ந்துவிட்டது. பாட்டிலைக் கழுவிக் காயவைத்திருக்கிறார். அதில் இப்போது பெரியவர் கொடுத்தனுப்பிய மலைத்தேன் இருக்கிறது, இந்த வருஷத்துப் புதுத்தேன். அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பீரோவுல இல்ல. சாப்பாட்டு மேஜை மேல" என்றார்.

நீங்களும் இன்றைக்கு உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள். நல்ல நாள் ஏற்கெனவே வந்து, கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கலாம்.